கடலுக்குள் போன சிப்பு

வியாழன், காலை 11.20. ஸ்ரீவைகுண்டத்தில் தூத்துக்குடிப் பேருந்தில் ஏறினேன். சுமார் முப்பது கிலோமீட்டர்தான் தூரம். பையில் ஒரு சின்னக் கேமரா இருந்தது. குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் மனைவி வடிவு அனுப்பியது. எங்கள் மகள் உமா தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கிறாள். மறுநாள் பவளப்பாறை பார்க்க முதன்முறையாகக் கடலுக்குள் மூழ்கப் போகிறாள். வயலில் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காத குடும்பம் எங்களுடையது! பக்கத்து இருக்கைக்காரரிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண்டக்டரிடமும் சொன்னேன்.

வடிவு கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளை மூழ்குவதை முழுசாகப் பார்க்க வேண்டும்.

பிற்பகல் 1.10, மில்லர்புரம். உமாவின் விடுதி வாசலில் கேமராவை ஓட்டிப் பார்த்தோம். நான்காவது நிமிடத்தில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினாலும் அப்படியே. நான் வாங்கிப் போட்டிருந்த மெமரி கார்டை உமா உருவிப் பார்த்தாள்.

"எப்பா, இந்த சிப்ப எங்க வாங்குனீய?"

தள்ளுவண்டியில்தான். ஆயிரம் ஜிபி என்று போட்டிருந்தது. பெரிதாக வாங்கினால் குறை வராது என்பது என் கணக்கு.

பிற்பகல் 2.00. ஆட்டோ பிடித்து, "நல்ல சிப்பு விக்கிற கடைக்குப் போகணும் தம்பி" என்றேன். ஓட்டுநர் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் ஒரு கடை முன்னால் நிறுத்தினார். சங்கு, சோழி, சிப்பி மாலை!

"நல்ல சிப்பி இங்கனதான் அண்ணாச்சி கிடைக்கும்."

"சிப்பி இல்ல தம்பி, சிப்பு. கேமராவுல போடுவாவள்லா, மெமரி கார்டு."

"முத்தெடுத்த ஊருக்கு வந்து சிப்புன்னா எங்க காதுல எப்படி விழும்?" என்று சிரித்தபடி வண்டியைத் திருப்பினார். திரும்பியதற்குக் கூடுதலாக எதுவும் வாங்கவில்லை. நல்ல மனிதர்.

பிற்பகல் 2.40, பழைய பேருந்து நிலையம் பக்கம். மெமரி கார்டு கடையில் இருந்த பெண் என் கார்டைத் தொடக்கூட இல்லை.

"மொதல்ல கேமராவக் காட்டுங்க அண்ணாச்சி. மாப்பிள்ளை யாருன்னு தெரியாம எப்படிச் சட்டை எடுக்கது?"

கேமராவோடு வந்த தாளைப் படித்தார். 256 ஜிபி வரைதான் அது ஏற்கும். கார்டின் முகப்பில் 'வி' எழுத்தும் முப்பது என்ற எண்ணும் இருக்க வேண்டும், வேகத்துக்கு அதுதான் அடையாளம் என்று காட்டினார்.

"இடம் எவ்வளவுன்னு மட்டும் பாத்தீய. படம் வார வேகத்துக்கு அது எழுதாண்டாமா? கடலுக்குள்ள நின்னுபோச்சுன்னா யாரு போய் அமுக்குவா?"

128 ஜிபி எடுத்துப் போட்டு, கடை மின்விசிறியை முக்கால் மணி நேரம் படம் பிடிக்கவைத்தார். நிற்கவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

வெள்ளி, காலை 7.15, மீன்பிடித் துறைமுகம். கல்லூரிப் படகில் எனக்கு இடமில்லை. உமா கேமராவை நெற்றியில் கட்டிக்கொண்டு, "வாரேம்பா" என்றாள். படகு போனபின் மணி பார்த்துக்கொண்டே கரையில் நடந்தேன். 11.05க்கு முடி சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தாள். அழுதுவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது?

கரையிலேயே மடிக்கணினியில் போட்டுப் பார்த்தோம். முப்பத்திரண்டு நிமிடம், ஓரிடத்திலும் அறுபடவில்லை. பவளம், மீன் கூட்டம், அவள் கை, மூச்சுக் குமிழிகள். ஆனால் நெற்றியில் இருந்த கேமரா எல்லாவற்றையும் பிடித்தது, அவளை மட்டும் விட்டுவிட்டது. கார்டுக்கு அத்தனை யோசித்த எங்களுக்கு இது தோன்றவில்லை. வடிவுக்கு என்ன பதில் சொல்வது?

உமா எதையும் வெட்டாமல், கோப்பின் அளவை மட்டும் சுருக்கி அனுப்பினாள். வெள்ளி வடிவுக்கு விடுமுறை. சரியாக நாற்பது நிமிடம் கழித்து அழைத்தாள்.

"பிள்ளை முகமே விழலை வடிவு" என்று நானே முந்திக்கொண்டேன்.

"அவ முகந்தான் எனக்குத் தெரியுமே. நம்ம வீட்டுல யாரும் பாக்காதத அவ பாக்கா. அவ கண்ணால இன்னைக்கு நானும் பாத்துட்டேன்."