மாப்பிள்ளை வீட்டுப் பாட்டு

போன வாரம் வேங்கிக்காலில் முட்டை வாங்கப் போனேன். மழையில் நனைந்த காலி முட்டை அட்டைகளைக் கடைக்காரர் வாசலில் காயப்போட்டிருந்தார். அந்த ஈர அட்டை வாசனை பட்டதும் மூச்சு முட்டியது. என் இருபதாவது வயது முழுவதும் அந்த வாசனைக்குள்தான் கழிந்தது.

அப்போது தேரடித் தெருவில் கரீம் பாயின் கேசட் கடையில் வேலை செய்தேன். வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவோம். உள்ளட்டையில் பாட்டின் பெயர்களைக் கோணாமல் எழுதுவது என் பொறுப்பு. கோடு போட்டுத்தான் எழுதுவேன். இன்றும் மளிகைச் சீட்டைக்கூட அப்படித்தான் எழுதுகிறேன், வீட்டில் சிரிப்பார்கள்.

கடையின் பின்பக்கம் பிளைவுட்டில் ஒரு கூண்டு இருந்தது. பாய் அதை ஸ்டுடியோ என்பார். பாத்திரக்கடை விளம்பரம், திருவிழா அறிவிப்பு எல்லாம் அங்கேதான் பேசிப் பதிவார்கள். சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது. பதியும்போது ஃபேன் போடக்கூடாது. கதவு தானாக மூடி நிற்காது என்பதால் பாய் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடுவார். டேப்பை ஓட்ட நானும் உள்ளேயே இருப்பேன். உள்ளே இருந்து கத்தினாலும் அவருக்குக் கேட்காது. வீட்டிலோ எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே போனாலும் தாழ்ப்பாள் வெளிப்பக்கமாகவே இருந்த வருடம் அது.

அந்தக் கூண்டுக்குத்தான் எலேனி அம்மா வந்தார். கிரேக்க நாட்டுக்காரர். செங்கம் சாலையில் வாடகை வீட்டில் இருந்தார். தினமும் மலை சுற்றுவார். தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவார். அவர் பிறந்த மலையோரத்துச் சில ஊர்களில் மட்டும் ஒரு பேச்சு உண்டாம். கிரேக்கம்தான், ஆனால் மற்ற கிரேக்கர்களுக்குப் புரியாதாம். அதில் பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். தம்பி மகளுக்குக் கல்யாணம். பெண்ணை அழைத்துப் போகும்போது வாசலில் பாடும் பாட்டு ஊரில் இப்போது யாருக்கும் வராது. அதைப் பாடிப் பதிந்து அனுப்பிவிட்டால் கேசட்டாவது வாசலில் பாடும் என்று நினைத்தார். ஊருக்குத் திரும்பும் நண்பர் அன்று சாயங்காலம் கிளம்புகிறார். அன்று பார்த்துப் பௌர்ணமி.

"ரெண்டு நிமிஷம்மா, டீ சொல்லிட்டு வந்துடறேன்" என்று தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் பாய் போனார். எதிர்ப்பக்கம்தான் டீக்கடை. ஆனால் கிரிவலக் கூட்டம் நடுவில் புகுந்துவிட்டது. அந்தப் பக்கம் போனவரால் இந்தப் பக்கம் வர முடியவில்லை.

உள்ளே எலேனி அம்மா ஒரு அடி பாடினார். நின்றார். மறுபடி அதே அடி. மறுபடி நின்றார். நான் டேப்பை நிறுத்திப் பின்னால் ஓட்டிக்கொண்டே இருந்தேன். பிறகுதான் சொன்னார்: அது நம் நலங்குப் பாட்டு மாதிரி இரண்டு வீட்டாரும் மாறிமாறிச் சீண்டும் பாட்டு. கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டோம் என்று பெண் வீட்டார் பாட வேண்டும். அது எங்கள் வீட்டுக் கிணறுதானே என்று மாப்பிள்ளை வீட்டார் பதில் பாட வேண்டும். பதில் வராமல் அடுத்த அடிக்குப் போகக்கூடாது. இரண்டையும் தானே பாடிவிடலாம் என்று வந்தவருக்கு வாய் வரவில்லை. பெண் வீட்டார் பதிலையும் பாடினால் கல்யாணத்துக்கு ஆகாதாம்.

வேர்த்து வழிந்தது. கதவைத் தட்டிப் பார்த்தேன். பயத்தில் எனக்கு அழுகை வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ மாப்பிள்ளை வீடு. பாடு" என்றார்.

"ஐயோ, எனக்கு இங்க்லீஷே வராதுங்க."

"இது இங்க்லீஷ் இல்ல."

வேறு வேலையும் இல்லை. சீட்டியடிப்பது போன்ற ஒரு ஒலியும் நாக்கைச் சுழற்றுகிற ஒரு ஒலியுமாக அந்தப் பதிலை என் வாயில் ஏற்றினார். ஒவ்வொரு அடிக்கும் அதே பதில்தான். பெண் வீட்டார் புதுப்புதுப் பூட்டாகப் போடுவார்கள். நாங்கள் அசராமல் ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்போம். கடைசி அடியைப் பாடும்போது அவர் குரல் உடைந்தது. நான் பதில் பாடி முடித்தேன்.

சற்று நேரத்தில் பாய் ஆறிப்போன டீயோடு வந்து கதவைத் திறந்தார். "இன்னாம்மா, ரெண்டு பேரும் குளிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார். நகல் எடுக்க நேரமில்லை. கேசட்டை அப்படியே வாங்கிக்கொண்டு எலேனி அம்மா கூட்டத்துக்குள் ஓடினார்.

சில மாதம் கழித்துக் கடைக்கு வந்து சொன்னார். கல்யாண வாசலில் கேசட் பாடியதாம். அதைக் கேட்ட ஒரு கிழவி, "பாட்டு சரியா இருக்குது, ஆனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்த ஊரு?" என்று கேட்டாளாம். எலேனி அம்மா அன்று சிரித்த சிரிப்பில் பாய்கூட எட்டிப் பார்த்தார்.

எனக்குக் கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூர் போய்த் திரும்பி வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். பாயும் இல்லை. கடை இப்போது செல்போன் ரிப்பேர் கடை. கூண்டு இருந்த இடத்தில் கண்ணாடி அலமாரி. அந்தக் கேசட் ஓடுகிறதா, பூஞ்சை பிடித்துவிட்டதா, தெரியாது.

எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும். உள்ளே மாட்டிக்கொண்டால் முதலில் அந்தப் பதிலை ஒருமுறை பாடுவேன். அப்புறம்தான் மகளைக் கூப்பிடுவேன். போன மழைக்குக் கதவை இடித்துத் திறந்தவள், "இன்னாம்மா பாட்டு அது?" என்றாள்.

"மாப்பிள்ளை வீட்டுப் பாட்டு."

"அப்போ பொண்ணு வீட்டுப் பாட்டு?"

"அது எனக்குத் தெரியாதுடி" என்றேன்.