விமானத்துக்குக் கீழே நின்றவர்

இதைச் சொல்லி முடித்ததும் நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். மாறட்டும். பேய், ஆவி, குறி எதையும் நான் ஒருநாளும் மதித்தவனில்லை. காரைக்குடிக்கு வந்த புதிதில், பேய் நடமாட்டம் என்று எவரும் குடிவராத வீட்டில் ஒரு வருஷம் இருந்திருக்கிறேன். அங்கே என் தூக்கத்தைக் கெடுத்தவை மூட்டைப்பூச்சிகள் மட்டுமே.

அறுபதுகளின் கடைசி. கல்லூரியில் ஆங்கிலப் பாடம், மாணவர்கள் தூங்கிய பிறகு பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளூர்ப் பதிப்பாளர் ஒருவர், பர்மாவில் சண்டை விமானம் ஓட்டிய வெள்ளைக்காரர் எழுதிய யுத்த நினைவுகளைத் தமிழாக்கித் தரச் சொன்னார். பர்மா என்றால் செட்டிநாட்டில் விற்கும் என்பது அவர் எண்ணம். சைக்கிளையே நேராக விடத் தெரியாத நான் விமானம் ஓட்ட ஒப்புக்கொண்டேன்.

சிக்கல் என் கையெழுத்தில் வந்தது. முதல் அத்தியாயத்தை அச்சுக் கோப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆகவே நான் வாயால் சொல்வது, இன்னொருவர் எழுதுவது என்று ஏற்பாடாயிற்று. எழுத முன்வந்தவர், அப்போது நான் முகப்பு அறையில் குடியிருந்த பெரிய வீட்டின் உண்ணாமலை ஆச்சி. முத்து முத்தான எழுத்து.

ஆச்சியின் கணவர் லெட்சுமணன், கல்யாணமான மறு வருஷம் பர்மாவுக்குப் போனவர். யுத்தம் வந்ததும் மற்றவர்கள் காடு மலை தாண்டி நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. இறந்ததைப் பார்த்தவரும் இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தாலியோடு காத்திருந்த ஆச்சிக்கு இப்போது ஒரே ஆசை, பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைப் பிள்ளை கூட்டிக்கொள்ள வேண்டும், அதாவது சுவீகாரம். கணவரின் தம்பி சிதம்பரம் சம்மதிக்கவில்லை. அண்ணன் மனைவியை அங்கே அண்ணமிண்டி என்பார்கள்.

“அண்ணமிண்டி, அண்ணன் உசுரோட இருக்காக. நாளைக்கு வந்து, ‘யாரைக் கேட்டுடா பிள்ளை கூட்டுனே’ன்னா நான் என்ன சொல்ல?”

“வரட்டுமே. வந்து அந்தப் பிள்ளையவும் தூக்கி வச்சுக் கொஞ்சட்டும்.”

“நீங்க எழுதுற சோலியப் பாருங்க.”

“உங்களுக்கென்ன, வீடு நெறையாப் பேரன் பேத்தி. நான் இந்தத் தூண்களையா வளக்குறது?”

இது வாரம் ஒருமுறை நடக்கும். வாடகைக்கு இருப்பவன் என்ற முறையில் நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஆச்சி சாய்வு மேசை முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார், சிதம்பரம் ஊஞ்சலில் பேப்பர் படிக்கிறார், எதிரே நாற்காலியில் நான். ஒரு பத்தியை ஆங்கிலத்தில் படிப்பேன், கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொல்வேன், திறந்து அடுத்த பத்திக்குப் போவேன். அன்றைய பத்தியில், ஆற்றோரச் சாலையில் போகிற லாரியை எதிரிப் படையின் லாரி என்று நினைத்து விமானி தாழப் பாய்கிறார். ஆட்கள் குதித்து ஓடுகிறார்கள். ஒருவர் மட்டும் ஓடவில்லை. படித்தேன், கண்ணை மூடினேன்.

திறந்தபோது ஊஞ்சல் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. பேப்பர் தரையில். சிதம்பரம் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போதுதான் வைத்த என் காப்பியில் ஏடு படிந்திருந்தது.

“வேகமாகச் சொல்லிவிட்டேனோ?” என்றேன்.

“இப்ப என்ன சொன்னீகன்னு தெரியுமா சார்?” என்றார் ஆச்சி.

“ஒரு பத்தி. லாரியைச் சுடுகிறான்.”

ஆச்சி தாள்களை எடுத்தார். ஒரு பத்தி இல்லை, பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். வாசித்தார்.

“லாரி நின்னுபோச்சு. எல்லாரும் குதிச்சு அங்குட்டு ஓடுறாக. எனக்குக் கால் மரத்துப்போச்சு. சிதம்பரம் கேட்ட ஆர்மோனியம் மடியில கெடக்கு. அதை நகட்டிட்டு எறங்குறதுக்குள்ள அவன் திரும்பி வாரான். எம்புட்டுத் தாழ வாரான்! மூஞ்சி தெரியுது. மீசகூட சரியா மொளைக்கல...”

அதற்குமேல் அவரால் வாசிக்க முடியவில்லை. அந்தப் பேச்சு என்னுடையதே இல்லை. நான் கும்பகோணத்துக்காரன். சந்தையில் ஒருமுறை ‘வாரீக, போறீக’ என்று பேச முயன்று, காய்கறிக்காரி சிரித்த சிரிப்பில் அந்த முயற்சியையே விட்டவன்.

சிதம்பரம் வந்து என் சட்டையைப் பிடித்தார். “ஆர்மோனியம் சங்கதிய யாருய்யா சொன்னா உமக்கு? பெத்த அப்பச்சிக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாகன்னு யாருக்கும் தெரியாம அண்ணனுக்குக் கடுதாசி போட்டேன். அண்ணமிண்டிக்கே தெரியாதேய்யா!”

எனக்குத் தெரியாது என்று பெற்றோர் மீதெல்லாம் சத்தியம் செய்தேன். அதன் பிறகுதான் சட்டையை விட்டார்.

“அவருக்கென்ன தெரியும், விடுங்க,” என்றார் ஆச்சி. “குரலைக் கேட்டீகளா இல்லையா?”

சிதம்பரம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். “கேட்டேன்.”

“இன்னமும் என்னயக் காத்திருக்கச் சொல்றீகளா?”

அந்தப் பெரிய மனிதர் குழந்தைபோல அழுதார். “அண்ணனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம் அண்ணமிண்டி. பெறகு நீங்க பாத்த பிள்ளையவே கூட்டுவோம்.”

அறைக்கு வந்து அந்த ஆங்கிலப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆர்மோனியம் இல்லை, பெயர் இல்லை. ‘சுட்டுவிட்டு மறுபடி வட்டமடித்தபோது அந்த ஆள் அங்கே இல்லை’ என்று விமானி எழுதிய ஒரு வரி, அவ்வளவுதான். மறுநாளே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, காய்ச்சல் என்றேன். பொய்யுமில்லை, நிஜமாகவே காய்ச்சல் வந்தது.

மறு வருஷம் சுவீகாரம் நடந்தது. விருந்தில் கவுனரிசி போட்டார்கள், கருப்பரிசியில் சர்க்கரையும் தேங்காயும் சேர்த்துச் செய்கிற இனிப்பு. நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பந்தி அமைதியாகிவிட்டதைப் பார்த்து நிமிர்ந்தால், எல்லாரும் என் இலையையே பார்க்கிறார்கள். கவுனரிசியில் மோர்மிளகாயை நொறுக்கிப் போட்டுப் பிசைந்திருக்கிறேன். யாரிடம் கேட்டு வாங்கினேன் என்றுகூட நினைவில்லை.

சிதம்பரம் காதருகே குனிந்து, “அண்ணன் இப்படித்தான் சாப்பிடுவாக. ஆத்தா திட்டுவாக,” என்றார்.

உள்கட்டு வாசலில் ஆச்சி, புதுப் பிள்ளையின் கையைப் பிடித்தபடி நின்றார். பரிமாறியவளிடம், “அவுகளுக்கு இன்னுங் கொஞ்சம் வைய்யி,” என்றார். வைத்தாள். சாப்பிட்டேன்.

பிற்பாடு ஒருநாள், எவரும் பார்க்காத நேரத்தில், அதே மாதிரி கலந்து வாயில் வைத்துப் பார்த்தேன். விழுங்கவே முடியவில்லை, துப்பிவிட்டேன். அன்றைக்கு நான் மூன்றுமுறை வாங்கிச் சாப்பிட்டு, இலையையும் வழித்திருக்கிறேன்.