மல்லிகாவின் பாம்பே ரத்தம்

போன வாரம் ஓணக் கூட்டத்தில் 'சாலை' என்ற எங்கள் ஊர்க் கடைவீதி பிதுங்கியது. எங்கள் பாத்திரக் கடையில் என் மனைவி மல்லிகா வெண்கல உருளி விற்றுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் போன் வந்தது. ரத்த வங்கி டாக்டர்!

"மல்லிகா சேச்சி, உடனே வர பற்றுமா? முடியும்தானே?"

விழிஞ்ஞத்தில் மீன் விற்கும் பிலோமினாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ரத்தப்போக்கில் உடம்பு வெளுத்துவிட்டது. ஆபரேஷன் செய்தாக வேண்டும். 'ஓ' குரூப் என்று நினைத்து எத்தனையோ பைகளைச் சோதித்தும் ஒன்றுகூடச் சேரவில்லை. கடைசியில் தெரிந்தது... அது 'பாம்பே' என்ற அரிய குரூப்.

சாதாரணச் சோதனையில் ஓ மாதிரியே தெரியும். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பாம்பேக்கு பாம்பேதான் வேண்டும். ஃபிரிட்ஜில் எப்போதும் வைத்திருக்கலாமே என்கிறீர்களா? கொடுக்க ஆள் எங்கே? டாக்டருக்குத் தெரிந்த ஒரே ஆள் மல்லிகா. பல வருடங்களுக்கு முன் ஒரு ரத்ததான முகாமில் கண்டுபிடித்தார்கள்.

ஊசி என்றாலே கண்ணை மூடிக்கொள்பவள் அவள்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"இருக்கத்தான் செய்யும். அந்தப் பொண்ணுக்கு இதைவிட அதிகமா இருக்காதா? ஷட்டரை இறக்குங்க!"

விஷயம் தெரிந்ததும், வாங்க வந்த பெண்களே உருளிகளை எடுத்து உள்ளே வைத்தார்கள்.

மல்லிகா கொடுத்தாள். ஆனால் ஒரு பை போதாது. "கூடப்பிறந்தவங்களுக்கும் இதே குரூப் இருக்க சான்ஸ் உண்டு" என்றார் டாக்டர். பிலோமினாவின் தம்பி ஆன்டணி, படகிலிருந்து இறங்கிய ஈரக் கைலியோடு ஓடி வந்தான். சோதித்தார்கள். அவனும் பாம்பே!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

நேற்று பார்க்கப் போனோம். பிலோமினா மல்லிகாவின் கையை விடவே இல்லை. கிளம்பும்போது ஆன்டணி வாசல்வரை வந்தான்.

"அக்கா, உங்களுக்கு எப்ப ஒரு ஆவசியம் வந்தாலும் நான் உண்டு, கேட்டோ. கடல்ல கிடந்தாலும் வருவேன்."

மல்லிகா தலையை ஆட்டினாள். ஆட்டோவில் ஏறியபிறகுதான் அழுதாள். எனக்குப் புரிந்தது. அவளுக்கே ரத்தம் தேவைப்பட்டால் யார் தருவார்? இத்தனை வருடமும் நாங்கள் இருவரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. கொடுக்கப் போன இடத்தில் அவளுக்கு ஒரு தம்பி கிடைத்துவிட்டான்!

அவள் ரத்தம் கொடுத்த அன்று முதல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் — இவள் என் மனைவி.

என் ரத்தமா? பி பாசிட்டிவ். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை!