செம்பூரில் விட்டுவந்த இரைப்பை

தாதர் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் நான் முதலில் சந்தேகப்பட்டது என் கூடப்பிறந்த அண்ணனை. ஒன்றரை நாள் பயணத்தில் வீங்கிப்போன காலோடு இறங்கினேன். பிளாட்பாரத்தில் சிரித்துக்கொண்டு நின்றான். திருநெல்வேலியிலும் மதுரையிலும் இல்லாத டாக்டர்களா என்று கேட்டதற்கு, "மும்பைக்கே வாட்டி" என்று ஆறு மாதமாகப் போனில் நச்சரித்தவன் அவன்தான். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவன் முதலாளியின் மனைவி செம்பூரில் இரைப்பையைக் குறைக்கும் ஆபரேஷன் செய்து, ஆள் பாதியாகிவிட்டாளாம். ஆள் கொண்டுவந்து விட்டால் இவனுக்கு எவ்வளவு கமிஷனோ என்றுதான் எனக்கு ஓடியது.

என் எடை அப்போது நூற்றுப் பதினெட்டு கிலோ. அழகுக்காக வரவில்லை. தூக்கத்தில் என் குறட்டை திடீரென்று நின்றுபோகும், கூடவே மூச்சும். பக்கத்தில் படுத்திருக்கும் வீட்டுக்காரர் எழுந்து விலாவில் ஒரு குத்து விடுவார். பெரிய இழுப்போடு மூச்சு திரும்பும். பல வருடமாக அந்த மனிதர் ஒழுங்காகத் தூங்கியதில்லை. எடை குறையாவிட்டால் ஒருநாள் குத்தியும் மூச்சு திரும்பாது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குச் சாகப் பயம். அதனால்தான் பள்ளி அலுவலகத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினேன்.

தாராவிக்கு டாக்சிக்காரர் இருநூறு கேட்டார். அண்ணன் மீட்டரைக் காட்டினான். நூற்றுப் பத்தில் இறங்கினோம். சந்துக்குள் டாக்சி வராது. அதன்பிறகு நடை. எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒட்டி நின்று எனக்கு வழி விட்டார்கள். மரியாதையா, கேலியா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

மதினி வாசலில் நின்றாள். ஒற்றை அறையும், மேலே ஏணி வைத்து ஏறும் மாடியும்தான் வீடு. எனக்குக் கீழே இடம் ஒதுக்கிவிட்டு, அவர்கள் இருவரும் மாடிக்கு மாறியிருந்தார்கள்.

மறுநாள் காலை அண்ணன், மதினியோடு சுனாபட்டி வழியாகச் செம்பூர். மருத்துவமனை வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே நல்ல வாசனை. ஆஸ்பத்திரியில் நல்ல வாசனை வந்தால் எனக்கு ஆகாது. எதை மறைக்கிறார்கள்? சர்ஜன் ஐந்து நிமிடம் பேசினார். உணவு ஆலோசகர்தான் அரைமணி நேரம் பேசினார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டு அம்மாள். முருங்கைக்காய் போல இருந்தார். இவருக்கு என் பாடு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் லிக்விட் மட்டும்தான். கல்லீரல் சுருங்கணும். இல்லேன்னா அதைத் தூக்கிட்டு அடியில இருக்கற இரைப்பையைத் தொட முடியாது. மோர், பருப்பு ஜலம், தெளிவான சூப், இந்தப் பவுடர். புரிஞ்சுதோ?"

எனக்கு முன்னால் மதினி தலையாட்டினாள். "தண்ணி ஆகாரம். நான் பாத்துக்கிடுதேன்."

திரும்பும்போது ஆட்டோ சயான் என்ற இடத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஆட்டோ போகக்கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டமாம். எண்பத்தெட்டு ரூபாய் கொடுத்து இறங்கி டாக்சி பிடித்தோம். இதிலும் ஏதோ ஏற்பாடு இருக்கும் என்று அண்ணனிடம் சொன்னேன். "ஏட்டி, உனக்கு வெயிட்டுல பாதி சந்தேகம்தான்" என்றான்.

மதினி சொன்ன சொல் தவறவில்லை. ஒரு பருக்கை என் வாய்க்குள் போகவில்லை. எல்லாவற்றையும் வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, சக்கையைப் பிழிந்து எறிந்துவிட்டு, டம்ளரில் ஊற்றித் தந்தாள். நான் பவுடர் டப்பாவின் காலாவதித் தேதியைப் பார்த்தேன். லேப் ரிப்போர்ட்டில் இருப்பது என் பெயர்தானா என்று எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். சர்ஜனின் பட்டங்களைப் போனில் தேடினேன். கைக்கு வந்த டம்ளரை மட்டும் சந்தேகப்படவில்லை. அவ்வளவு ருசி.

இரண்டு வாரம் கழித்து மருத்துவமனைத் தராசில் ஏறினேன். நூற்றிருபது. ஸ்கேனில் கல்லீரல் இம்மியும் சுருங்கவில்லை. ஆபரேஷன் தள்ளிவைக்கப்பட்டது.

எதிர்பார்த்தேன். தராசையே திருப்பி வைத்திருப்பார்கள், இன்னும் நான்கு டெஸ்ட் எழுதிப் பணம் பிடுங்க வேண்டாமா என்று வாய்வரை வந்தது. அதற்குள் ஆலோசகர் அம்மாள் என்னை உற்றுப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒளிச்சு ஏதாவது சாப்பிடறேளா? கோவிச்சுக்க மாட்டேன், சொல்லுங்கோ."

அண்ணனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அவனும் அதைத்தான் நினைக்கிறான் என்று தெரிந்தது. குண்டாக இருப்பவள் சாப்பிடவில்லை என்று சொன்னால் உலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்துவிட்டேன்.

மதினி எழுந்தாள். "அவ ஒண்ணுஞ் சாப்புடலம்மா. ராப்பகலா நாந்தான் கூட இருக்கேன். எங்கையால வடிகட்டித்தான் குடுத்தேன். திப்பி கூட உள்ள போகல."

"என்ன வடிகட்டினேள்?"

"எல்லாந்தான். ஆட்டுக்கால் சூப்பு, பால் பாயாசம். மத்தியானம் சொதி."

"சொதியா? தேங்காப்பால் விட்டா?"

"பொறவு? மாப்பிள்ளைச் சொதிக்கு மொதப் பால் ஊத்தாம இருப்பாவளா? மூணு பாலும் ஊத்தி, காயெல்லாம் எடுத்துட்டு, தண்ணிய மட்டும் குடுத்தேன். தண்ணி ஆகாரந்தானே சொன்னிய?"

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்துக் குழம்பு சொதி. ஒரு கரண்டி ஊற்றினால் மாப்பிள்ளை மத்தியானம் முழுக்கத் தூங்குவார். நான் அதை நாளொரு செம்பு குடித்திருக்கிறேன். பாலக்காட்டு அம்மாளுக்குத் தேங்காய்ப்பால் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. அண்ணன் என்னைப் பார்த்தான், மன்னிப்புக் கேட்கிறவன் போல. அந்த அறையில் என்னை நம்பியவள் மதினி ஒருத்திதான். காரியத்தைக் கெடுத்தவளும் அவளேதான்.

அடுத்த இரண்டு வாரம் வீட்டில் தேங்காய் உடைக்கவில்லை. மதினி எவர்சில்வர் டம்ளரைப் பரணில் ஏற்றிவிட்டுக் கண்ணாடி டம்ளர் வாங்கினாள். மோரோ சூப்போ, டம்ளருக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்ப்பாள். விரல் தெரிந்தால் எனக்கு. தெரியாவிட்டால் இன்னும் ஒரு குவளைத் தண்ணீர். என் சந்தேகம் அவளுக்குத் தொற்றிக்கொண்டது. இந்த முறை தராசு நூற்றுப் பதிமூன்று காட்டியது.

ஆபரேஷனுக்கு என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்துவிட்டார். கண் விழித்தபோது வயிற்றில் ஐந்து சின்னச் சின்னப் பிளாஸ்திரிதான் இருந்தது. இந்த ஓட்டை வழியாகவா முக்கால்வாசி இரைப்பையை எடுத்தார்கள்? சும்மா கீறி ஒட்டிவிட்டிருந்தால்? "தட்டுல வச்சுக் காட்டினாவ, கண்ணால பாத்தேன்ட்டி" என்றான் அண்ணன். அது உன் தங்கச்சியோடதுன்னு பேரா எழுதியிருந்தது என்று கேட்டேன். மறுநாள் மருந்து மூடி அளவு தண்ணீர் தந்தார்கள். பாதி உள்ளே போவதற்குள் நெஞ்சடைத்து நின்றது. அப்போதுதான் நம்பினேன். ஆயுசில் முதல்முறையாக எனக்குப் போதும் என்றிருந்தது.

ஒரு மாதம் தாராவியில் ஓய்வு. ஒரு டம்ளர் பருப்புத் தண்ணீரை ஒரு மணி நேரம் உறிஞ்சினேன். தொண்ணூற்றெட்டு கிலோவில் வீட்டுக்காரரோடு ஊருக்குக் கிளம்பினேன். சந்தில் யாரும் சுவரில் ஒட்டவில்லை, அல்லது நான் கவனிக்கவில்லை. தாதரில் மதினி கண்ணாடி டம்ளரைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள். "ஊர்ல யாரு என்ன குடுத்தாலும் வெரல வச்சுப் பாரு" என்றாள். பாளையங்கோட்டையில் எட்டு வீட்டுச் சொதி எனக்காகக் காத்திருக்கும். அதை எண்ணிக்கொண்டே ரயிலின் கீழ்ப் படுக்கையில் சாய்ந்தேன்.

மூக்குக்குக் கீழே ஏதோ பட்டு விழிப்பு வந்தது. விடிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே கரும்பு. வீட்டுக்காரர் என்மேல் குனிந்து, ஆள்காட்டி விரலை என் நாசியருகே பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

"என்ன செய்யிய?"

அவர் விரலை எடுக்கவில்லை. "கொறட்டச் சத்தமே வரல, ஏளா. அதான் சந்தேகமாப் போச்சு."