என்னை நானே விசாரித்த கதை

எக்ஸ்ரே அறைக்குள் நுழையக் கூடாது என்று எனக்கு உத்தரவு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. படம் எடுப்பவள் அறைக்குள் போகக் கூடாது என்றால் வேறு எங்கே போய் நிற்பாள்? காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எலும்பு டாக்டர் ஒருவர் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி அது. பல வருஷமாக அங்கே நான்தான் படம் எடுக்கிறேன். டாக்டர், நான், நோயாளியைத் தூக்கிப் படுக்கவைத்து ஆடாமல் பிடித்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர். எங்கள் எக்ஸ்ரே பிரிவு மொத்தமும் இவ்வளவுதான்.

இந்த வேலையில் இருப்பவர்கள் மார்பில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் அனுப்பினால் பார்த்துச் சொல்வார்கள். என் பேட்ஜில் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறதாம். விசாரணை முடியும்வரை நான் அறைக்கு வெளியே. முடிவு கோணலாக வந்தால் ஒரேயடியாக வெளியே. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பெண்ணை வரவழைக்க டாக்டர் அதற்குள் போன் போட்டுவிட்டார்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டால், "இங்கதான் காத்து வருது" என்றார். ஃபேன் என் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிய பெண்டாட்டி உடம்பிலிருந்து கதிர் அடிக்கும் என்று பயந்து, அவளை அடுப்புக் கங்கு மாதிரி தள்ளி வைக்கிற மனுஷனை என்ன செய்வது சொல்லுங்கள்.

கடிதத்தை மறுபடி படித்தபோதுதான் அடுத்த கூத்து தெரிந்தது. அது "கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்" என்ற பெயருக்கு வந்திருந்தது. உங்கள் ஊழியரை விசாரித்து, அவர் வாக்குமூலத்தையும் உங்கள் முடிவையும் தனித்தனியாக அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்த அலுவலர் யார்? நான்தான். மெஷினுக்கு உரிமம் வாங்கும்போது அப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும் என்றார்கள். "சின்ன எடம்தானே, நீங்களே இருந்துடுங்க" என்று சொல்லி டாக்டர் என் பெயரைப் போட்டுவிட்டார். அதற்கான பரீட்சையைக்கூட நான் எழுதி பாஸ் பண்ணியிருந்தேன்.

பதிலை யாருக்கு அனுப்புவது என்று பார்க்க இன்டர்நெட்டைத் திறந்தேன். கடிதம் அனுப்பியது நாடு முழுக்க அணு விஷயங்களைக் கண்காணிக்கும் வாரியம். யார் யாருக்குக் கீழே என்று ஒரு படம் போட்டிருந்தார்கள், கோயில் திருவிழா நோட்டீஸில்கூட அத்தனை கட்டம் இருக்காது. அணு உலைகளைப் பார்க்க ஒரு பிரிவு. ஆஸ்பத்திரி, தொழிற்சாலைக் கருவிகளுக்கு வேறு பிரிவு. விதியை எழுதுகிறவர்கள் உரிமம் தருவதில்லை. உரிமம் தருகிறவர்கள் சொல்வதை இன்னொரு குழு உட்கார்ந்து அலசுகிறது. நேரில் வந்து குடைய ஒரு கூட்டம், தப்பு செய்தவர்மேல் நடவடிக்கை எடுக்க மற்றொன்று. பேட்ஜைப் படித்துச் சொல்லும் இடமோ இந்த வாரியத்திலேயே சேர்த்தி இல்லை, அது தனி. ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்க்க, அவர் பார்த்ததை மூன்றாமவர் பார்க்க. இத்தனை பேருக்கும் சம்பளம் கொடுத்து என்னத்தைக் கண்டார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

டாக்டரிடம் கேட்டேன். அவர் குடும்பத்தில் பிரெஞ்சு பென்ஷன் வந்துகொண்டிருந்த காலம் உண்டு. முனிசிபாலிட்டியை இன்றைக்கும் பிரெஞ்சில் 'மேரி' என்றுதான் சொல்வார்.

"எதுவா இருந்தாலும் பாண்டிச்சேரி வழியாதாங்க போகணும். நம்ம ஊரு பேப்பர் எது நேரா போயிருக்கு?" என்றார்.

"இது அணு விஷயம் டாக்டர்."

"இருந்தா என்னங்க? அணுவுக்குன்னு தனியா பஸ்ஸா விடுறான்?"

இவரை நம்பினால் என் கடிதம் பாண்டிச்சேரியிலேயே கிழமாகிவிடும் என்று நானே ஒரு நம்பரைத் தேடிப் போன் செய்தேன். எடுத்தவர் என்னை முழுசாகப் பேசவே விடவில்லை. எத்தனை மெகாவாட் என்று இங்கிலீஷில் கேட்டார். "சார், இது முட்டிய படம் எடுக்குற மெஷின்" என்று தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அணு உலைப் பிரிவாம். பிறகு மரியாதையாகச் சரியான பிரிவின் விலாசம் கொடுத்தார்.

விசாரணையை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொண்டேன். இரண்டு தாள், இரண்டு பேனா. கேள்வி: பேட்ஜை ஒழுங்காக அணிந்தீர்களா? பதில்: ஆம். கேள்வி: பிறகு எப்படி இவ்வளவு ஏறியது? இந்த இடத்தில் ஊழியராகிய நான் முழித்தேன், அலுவலராகிய நான் முறைத்தேன். எட்டிப் பார்த்த டாக்டர், "பேட்ஜ ரூமுக்குள்ளயே மறந்து மாட்டிட்டேன்னு எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார். எழுதினேன். ஊழியராக நீல மையில் ஒரு கையெழுத்து, அலுவலராகக் கறுப்பு மையில் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாதே என்று இரண்டாவதைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டேன்.

பத்து நாளில் அந்த வாரியத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். தமிழ்க்காரர், பேச்சில் தெற்கத்தி இழுப்பு.

"உங்க விளக்கம் இருக்கட்டும். உங்ககூட இன்னொருத்தர் வேலை பாக்காருல்லா, அவருக்கு எப்பவும் சைபர்தான் வருது. அவரு வேலைக்கு வாராரா இல்லையா?"

"தினமும் வர்றாருங்க மேடம். நோயாளிய அவருதான் பிடிச்சுக்குவாரு."

"பிடிச்சுக்கிடுதவருக்குச் சைபர், சுவருக்குப் பின்னால நிக்குத உங்களுக்கு இவ்வளவு. விசாரணை செஞ்சது யாரு?"

"நான்தான் மேடம்."

"விசாரிச்சது யாரை?"

எனக்குக் காது சுட்டது. நேரே வெளியே போய் அண்ணனைப் பிடித்தேன். "உங்க பேட்ஜ் எங்கண்ணே?" என்று கேட்டேன்.

"பத்திரமா இருக்கு சிஸ்டர். தருமபுரத்துல, எம்பொண்ணு வீட்டு பீரோவுல."

அவர் கோட்டுச்சேரிமேட்டுக்காரர். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷம் ரேஷன் கார்டு, பாஸ்புக், நிலப்பத்திரம் எல்லாம் போய், ஒவ்வொன்றையும் திரும்ப வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர். அதிலிருந்து அவர் பெயரும் நம்பரும் போட்டு அரசாங்கத்திலிருந்து எது வந்தாலும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மகள் வீட்டுக்குப் போய்விடும். பேட்ஜில் பெயர் இருந்தது, நம்பரும் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பும் நாளில் எடுத்து வருவார், அழுக்குப் படாமல்.

"அப்ப உள்ள போறப்ப?"

"பேட்ஜ் இல்லாம போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. ஒங்களுது ஆணியில தொங்குதுல்ல, அத எடுத்துக் குத்திக்குவேன்."

பார்த்திருக்கிறேன். அவர் அதைக் குத்திக்கொண்டு போவதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். புடவையை ஊசி கிழிக்கிறது என்று பேட்ஜைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுவருக்குப் பின்னால் நின்று பட்டனை அமுக்கியவள் நான். அழும் குழந்தைகளையும் நடுங்கும் கிழவர்களையும் பிடித்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் நின்றவர் அவர். என் பெயரில் ஏறியதெல்லாம் அவர் உடம்பில் பட்டது. சந்தோஷப்பட வேண்டியவள்தான், என் வேலை தப்பித்தது. ஆனால் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் தாளைத் தேடிப் போனேன்.

இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதினேன், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தாக. நன்றாகத் திட்டிப் பதில் வந்தது. ஊழியர் யாரும் நோயாளியைப் பிடிக்கக் கூடாது, கூட வந்தவர்தான் ஈய அங்கி போட்டுக்கொண்டு பிடிக்க வேண்டும். அந்த அளவெல்லாம் அண்ணன் பெயருக்கு மாறும். அவருக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். இனி அவருக்கு வெளியேதான் வேலை. நான் உள்ளே போகலாம்.

ரத்தத்தில் கோளாறு ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வளவு நாளா எனக்குச் சைபர்னு வந்த ரிப்போர்ட்ட வாங்கிப் பதிஞ்சு வச்சது யாரு சிஸ்டர்?"

"நான்தாண்ணே."

"அத இங்க யாராச்சும் சரிபார்க்கணுமே?"

"அதுவும் நான்தாண்ணே."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை என் முன்னால் வைத்தார்.

மறுநாள் முன்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் அவருடைய பேட்ஜ், கவரைப் பிரித்து, நேராகக் குத்தியிருந்தது.

"இங்க ஒக்காந்தா இதுல ஒண்ணும் ஏறாதுண்ணே. எதுக்குக் குத்தியிருக்கீங்க?" என்றேன்.

"தெரியும் சிஸ்டர்" என்றார். "இனிமே வர்ற சைபராவது என்னோடதா இருக்கட்டும்."