ரோஸ் நிறப் பிள்ளையார்

போன வெள்ளிக்கிழமை காலை என் வீட்டு பிரிண்டர் முன்னால் கைகூப்பி நின்றேன். சிரிக்காதீர்கள்... நிஜமாகவே கும்பிட்டேன்.

விஷயம் இதுதான். மகள் கயலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. எங்கள் வழக்கப்படி முதல் பத்திரிகை சாமிக்கு. அடுத்தது தாய்மாமனுக்கு. அதாவது, யோங் பெங் ஊரில் இருக்கும் என் அண்ணனுக்கு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு பழத்தோடு தாம்பாளத்தில் வைத்து, நேரில் போய்க் கையில் கொடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அண்ணன் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். போன வருஷம் சித்தப்பா மகன் தன் கல்யாணப் பத்திரிகையைப் போனில் படமாக அனுப்பிவிட்டான். "படம் அனுப்பிச்சான், பாத்துட்டேன். கூப்பிட்டிருந்தா போயிருப்பேன் லா" என்று சொல்லிவிட்டு, கல்யாணத்தன்று வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார் மனுஷன். இன்றுவரை அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

எங்களுக்கு நேரம் பார்த்து அச்சகத்தில் மெஷின் படுத்துவிட்டது. கார்டு அடுத்த வாரம்தான் வருமாம். அண்ணனும் அண்ணியுமோ சனிக்கிழமை விடிகாலை பழனிக்குப் போக ப்ளேன் ஏறுகிறார்கள். திரும்புவது கல்யாண வாரத்தில்தான். தேதி அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் தெரிவது வேறு, அழைப்பது வேறு. தாய்மாமன் இல்லாத மணவறையில் என் மகளை எப்படி உட்கார வைப்பேன்? இரவெல்லாம் எனக்குத் தூக்கமே இல்லை.

காலையில் அச்சகத்துத் தம்பி போன் பண்ணினார். "அக்கா, டிசைனை இமெயில்ல அட்டாச் பண்ணிட்டேன். இப்போதைக்கு ஒன்னு வீட்டுலயே பிரிண்ட் போட்டுக்குங்க."

அவ்வளவுதானே! பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் மஞ்சள் தடவிக் கிளம்பிவிடலாம்... என்று நினைத்தேன்.

லேப்டாப்பில் மெயிலைத் திறந்தேன். புது பிரிண்டரை இன்னும் அதற்கு அறிமுகப்படுத்தவில்லையாம். ஏதோ டிரைவர் வேண்டும் என்றது. சரி, போனை எடுத்தேன். அட்டாச்மென்ட் அழகாகத் திறந்தது. பிரிண்ட் என்று தட்டினால், 'பிரிண்டர் எதுவும் காணவில்லை' என்கிறது. காணவில்லையா? கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறதே!

"எங்கிட்ட குடு" என்றார் வீட்டுக்காரர். அவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அன்று லீவு. மெயிலைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, அதில் பிரிண்ட் தட்டினார். "பாத்தியா? போயிடுச்சு!"

எங்கே போனது? எங்கள் பிரிண்டர் ஆடாமல் அசையாமல் இருந்தது. மறுபடியும் தட்டினார். மறுபடியும். கோபம் வந்து இன்னும் ரெண்டு தட்டு.

கொஞ்ச நேரத்தில் அவர் போன் அடித்தது. கூட வேலை செய்யும் மலாய்க்காரர் ஃபைசால். ஸ்பீக்கரில் அவர் குரல் வீட்டையே நிறைத்தது.

"பாங்! தெரிமா காசே, ரொம்ப நன்றிண்ணே! கல்யாண கார்டு சூப்பர் லா! ஆளுக்கு ஒன்னு எடுத்துக்கிட்டோம். செமுவா டாத்தாங்... எல்லாரும் வர்றோம்!"

அலமாக்! இவர் போனில் பதிந்திருந்தது வேலையிடத்து பிரிண்டர். எங்கள் வீட்டுப் பத்திரிகை பாஸ்போர்ட் இல்லாமல், எல்லைப் பாலத்தில் நெரிசல் பார்க்காமல், நொடியில் சிங்கப்பூர் போய் இறங்கிவிட்டது. இந்த மனுஷர் விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, வரிசையில் வெந்து போய்ச் சேருகிற இடம் அது! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. ஆனால் உடம்பு சிலிர்த்தது உண்மை. கடல் தாண்டி இருக்கிற மெஷினுக்குக் கேட்ட சத்தம், பக்கத்தில் இருக்கிற மெஷினுக்குக் கேட்கவில்லையே!

கயலைக் கூப்பிட்டேன். அவள் ஜொகூர் பாருவில் வேலையில் இருந்தாள். "அம்மா, உங்க போன் வைஃபையில இருக்கா பாருங்க."

இல்லை. வாசலில் நின்று பேசும்போது லைன் விட்டு விட்டு வருகிறதே என்று நேற்றுதான் வைஃபையை அணைத்திருந்தேன். இப்போது போட்டேன். போனில் பிரிண்டரின் பெயர் தானாக எழும்பி வந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்தால் மட்டும் போதாதாம்... ஒரே தொடர்பில் இருக்க வேண்டுமாம். எந்த வீட்டுக்குத்தான் இது பொருந்தாது?

தட்டினேன். கர்ர்ர்... என்றது பிரிண்டர். என் மகள் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அப்போதுதான் கும்பிட்டேன். அடேங்கப்பா, காற்றில் வந்த கல்யாணச் சேதி கையில் பிடிக்கிற காகிதமாகிவிட்டதே!

ஆனால் காகிதத்தைப் பார்த்ததும் பகீரென்றது. கயல் படம் படமாகப் பிரிண்ட் போட்டதில் மஞ்சள் மை அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. தங்க நிறத்தில் இருக்க வேண்டிய பிள்ளையார் பளிச்சென்று ரோஸ் நிறத்தில் உட்கார்ந்திருந்தார்!

மை வாங்க நேரமில்லை. போகட்டும், பிரிண்டரில்தானே மஞ்சள் இல்லை? அடுப்படியில் இருக்கிறதே! இன்னொரு பிரதியும் எடுத்து, இரண்டிலும் நாலு மூலைக்கு மஞ்சள் குழைத்துத் தடவி, ஒன்றைச் சாமிக்கு வைத்துவிட்டு, மற்றதைத் தாம்பாளத்தில் ஏற்றி, ராகு காலத்துக்கு முன்னால் காரில் ஏறிவிட்டோம்.

யோங் பெங்கில் அண்ணன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். தாம்பாளத்தை நீட்டினோம். வாங்கியவர் காகிதத்தையே பார்த்தபடி நின்றார்.

"என்னாம்மா, பிள்ளையாரு ரோஸ் கலர்ல இருக்காரு?"

வீட்டுக்காரர்தான், "மச்சான், அது வந்து..." என்று ஆரம்பித்து, லேப்டாப், போன், ஃபைசால் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

அண்ணன் நிமிர்ந்தார். கண் விரிந்திருந்தது.

"அப்போ என் மருமக பத்திரிகை, என்னைத் தேடிக்கிட்டு சிங்கப்பூர் வரைக்கும் போயிட்டு வந்துச்சா?"

"ஆமாண்ணே. அடுத்த வாரம் நல்ல கார்டு வந்திரும். அண்ணியோட தங்கச்சிகிட்ட குடுத்து வெக்கிறேன்..."

"எதுக்கு? அதான் வாங்கிக்கிட்டேன்ல" என்றார். தாய்மாமன் என்று தன் பெயர் போட்டிருந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "இந்தா, இதைப் பழனிப் பையில பத்திரமா வையி. முருகன் காலடியில வெச்சு எடுத்தாந்து, மாமன் சீரோட நானே மணவறைக்குக் கொண்டு வர்றேன்" என்று அண்ணியிடம் கொடுத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காருக்குள் வந்துதான் சிரிப்பு வந்தது.

தன் அண்ணனை ரோஸ் நிறத்தில் பார்த்துவிட்டு முருகன் என்ன சொல்லப்போகிறாரோ!