லேப்டாப்புக்குள் மிளகாய்த் தூசி

அந்தக் கோடையில் எனக்கும் என் நாத்தனாருக்கும் நடந்த சண்டையெல்லாம் ஒரு ஜன்னலைப் பற்றித்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் மாடி வீட்டின் ஒரே பெரிய ஜன்னல், பக்கத்து மிளகாய்க் கிடங்கின் முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். காலையிலேயே அங்கே மூட்டைகளை உதற ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்றரை வயதான என் மகளுக்கு வீசிங் உண்டு. தூசி பட்டால் இரண்டு தும்மல், பிறகு இருமல், பிறகு நெஞ்சுக்குள் விசில் சத்தம். பகலில் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

நாத்தனார் திறந்தாள். லேப்டாப்புக்குக் காற்று வேண்டுமாம்.

அவளுக்கு விமானியாக வேண்டும். பயிற்சிக்கு ஆள் எடுக்கும் தேர்வு அடுத்த மாதம் இருந்தது. அதற்காக விமானம் ஓட்டும் கணினி விளையாட்டில் தினமும் தரையிறங்கிப் பழகினாள். லேப்டாப் என்னுடையது, வேலையிலிருந்த காலத்தில் மின்னஞ்சலுக்கும் தட்டச்சுக்குமாக வாங்கியது. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. விமானம் ஓடுதளத்தை நெருங்கும்போதுதான் படம் விக்கி விக்கி நிற்கும். பத்து நிமிடத்தில் அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சுடும். உடனே அவள் எழுந்து ஜன்னலைத் திறப்பாள். குழந்தைக்கு ஓடிக்கொண்டிருக்கும் டேபிள் ஃபேனையும் லேப்டாப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

"குழந்தைக்கு வேர்க்கறது, கண் தெரியலையா?"

"தெரியறது மன்னி. லேப்டாப்புக்கும் வேர்க்கறதாக்கும்."

"ஜன்னலை அடை."

"அடச்சா இது நின்னுபோகும். எக்ஸாம்ல போய், எங்காத்து மன்னி ஜன்னலை அடச்சுட்டான்னு பறயட்டுமா?"

"உன் எக்ஸாமுக்கு என் குழந்தைதான் கிடைச்சாளா?"

"உங்க குழந்தை, உங்க லேப்டாப், உங்க ஜன்னல். எனக்குன்னு இங்க என்னவாக்கும் இருக்கு?"

அது அவள் பிறந்து வளர்ந்த வீடு. அதைத்தான் இப்படிச் சொல்லிக் காட்டினாள்.

பேசி ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும், லேப்டாப்பின் சூட்டைக் குறைத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். அதன்பின் ஜன்னலைத் திறக்க அவளுக்குக் காரணம் இருக்காது. அவள் தேர்வில் தேற வேண்டும் என்பதற்காக நான் எதையும் செய்யவில்லை.

இணையத்தில் தேடிப் படித்து, விளையாட்டின் அமைப்புகளுக்குள் போய் மேகங்களை எடுத்தேன். நிழல்களை எடுத்தேன். மரங்களையும் கட்டடங்களையும் குறைத்தேன். நொடிக்கு முப்பது படத்துக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தேன். பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த மற்றவற்றை நிறுத்தினேன். ஒவ்வொன்றையும் மாற்றிய பிறகு, சரியாகத்தான் மாற்றினேனா என்று திரும்பவும் திறந்து பார்த்தேன்.

அவள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கொச்சி எங்க போச்சு? பச்சைப் பாயை விரிச்சாப்பல இருக்கு. கடலையாவது விட்டுவெச்சேளா மன்னி?"

"உனக்கு ரன்வே இருந்தாப் போறாதா?"

ஒரு கால் மணி நேரம் விமானம் வழுக்கிக்கொண்டு பறந்தது. பிறகு பழையபடி சூடு, பழையபடி விக்கல். ஜன்னல் திறந்தது. அன்று மாலை குழந்தை இருமினாள்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனதும் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன். சூடு ஏறினால் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், முதலில் விசிறியைப் பார்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். விசிறியின் இதழ்களுக்கு நடுவே சிவப்பாகக் கம்பளி போல அடைத்துக் கிடந்தது. அவள் திறந்த ஜன்னல் வழியாக வந்த மிளகாய்த் தூசி. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கையில் சாட்சி கிடைத்துவிட்டது.

கிடங்கில் மூட்டை உதறும் சத்தம் கேட்டது. ஜன்னல் தாழிட்டிருக்கிறதா என்று எழுந்துபோய் இரண்டு முறை பார்த்தேன். பிறகு விசிறி சுற்றாமலிருக்க ஒரு ஈர்க்குச்சியைச் செருகி, ஹேர் ட்ரையரைச் சூடில்லாத காற்றில் வைத்து ஊதினேன். நாலடி தள்ளிக் கட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து தூசி வராமல் பார்த்துக்கொண்டேனே தவிர, உள்ளே நான் ஊதுவது எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

என் தொண்டை எரிந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் இரண்டு தும்மல் கேட்டுவிட்டது.

ஈரத் தலையோடு நாத்தனார் ஓடி வந்தாள். குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனாள். "ரூமை அடச்சுண்டு மொளகாப் பொடியை ஊதியிருக்கேளே, புத்தியிருக்கா? நின்னுண்டே இருக்காதேங்கோ, நெபுலைசரை எடுங்கோ!"

எடுத்துக் கொடுத்தேன். மருந்தை அவள்தான் ஊற்றினாள். குழந்தையின் முகத்தில் மாஸ்க்கை அவள்தான் பிடித்திருந்தாள். விசில் சத்தம் அடங்கிக் குழந்தை அவள் தோளில் சாய்ந்தபோது, காக்கநாட்டு ஆபீசிலிருந்து என் கணவரின் போன் வந்தது.

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"குழந்தைக்கு வீசிங். இப்ப பரவாயில்லை. மொளகாத் தூசி வந்துடுத்து. உங்க தங்கை ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தா."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. தானாக வாயில் வந்தது. ஆனால் வந்த பிறகு திருத்தியிருக்கலாம்.

"அவகிட்ட குடு போனை."

அவர் கத்தியது எனக்கே கேட்டது. இனி இந்த வீட்டில் விமானமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "சரி அண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாளிலிருந்து இடப்பள்ளியில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பழக ஆரம்பித்தாள். போக வர அரை நாள் போய்விடும். லேப்டாப்பை மூடிப் பொருத்தி ஓட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் ஓடியும் சூடேறவில்லை. அடைத்த அறையில் விமானம் ஒரு விக்கல் இல்லாமல் இறங்கியது.

ஒரு வாரம் கழித்து, அவள் செருப்பு மாட்டும்போது சொன்னேன். "இங்கயே பண்ணேன். இப்ப நன்னா ஓடறது. ஜன்னல் திறக்கவே வேண்டாம்."

"அண்ணாகிட்ட பறஞ்சேளா?"

"இல்லை."

"அப்போ வேண்டாம்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று ராத்திரி அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். குழந்தையை உன்னிடம் எப்படி விட்டுப் போவது என்று அவர் கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்று பயந்து, சொல்லவில்லை.